மஞ்சக்குப்பத்து மாடியறையில் இரண்டு சிறிய மானிட்டர்கள்

“தம்பி, கழி படுற சத்தம் கேக்குது, மேளத்தக் காணலியே” என்று விழாக்குழுப் பெரியவர் தமது காரின் முன்னிருக்கையில் அமர்ந்தபடி சொன்ன அந்த ஆடி மாதக் காலையில், எனக்குப் பதில் எதுவும் வரவில்லை. கடலூரை அடுத்த ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக எட்டுப் பாடல்களை நான் மிக்ஸ் செய்து, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகக் கலந்து, கொடுத்திருந்தேன். நாதஸ்வரமும் தவிலும் பம்பையும் உடுக்கையும் நேரில் வாசிக்கப்பட்டுப் பதிவானவை. என் அறையில் தவிலின் தொப்பி, அதாவது கழியால் அடிக்கும் தாழ்ந்த ஒலிப் பக்கம், நெஞ்சை அதிரவைக்கும் அளவுக்கு ஒலித்தது. அவருடைய காரில் பூவரசங்கழி தோலில் படும் “டக்” என்ற ஓசை மட்டும் மிஞ்சி, அதற்குப் பின்னால் வர வேண்டிய கனம் காணாமல் போயிருந்தது. கோயில் வாசலில் மைக் செட்காரர் கட்டியிருந்த பெட்டிகளிலும் அதே கதைதான். நாதஸ்வரமோ காதைக் குத்தியது.

அப்போது என்னிடம் இருந்தவை எட்டங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் கூம்பு) கொண்ட பெரிய மானிட்டர்கள், அதாவது மிக்ஸ் செய்யும்போது கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கர்கள். பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் தாழ்ந்த ஒலி நன்றாகத் தெரியும், தெரிந்தால் சரியாக மிக்ஸ் செய்யலாம் என்று நம்பிச் சேமிப்பையெல்லாம் செலவழித்து வாங்கியிருந்தேன். அவற்றின் மேல் குறை சொல்வதற்கில்லை. அவற்றை நான் கொண்டுபோய் வைத்த அறைக்கும் அவற்றுக்கும் பொருத்தம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. இந்த ஓராண்டில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்; சிறிய அறையில் உட்கார்ந்து மிக்ஸ் செய்யும் யாருக்கேனும் அந்தச் செலவும் அந்தக் காலமும் மிச்சமானால் போதும்.

என் அறை மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறது. பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், கான்கிரீட் தளத்துக்குப் பத்தடி உயரம், நான்கு பக்கமும் பூசிய சுவர். ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 348 மீட்டர் செல்கிறது என்று வைத்துக்கொண்டு, அதை அறையின் ஓர் அளவினுடைய இருமடங்கால் வகுத்தால், அந்த இரு சுவர்களுக்கிடையே எந்த அதிர்வெண் தேங்கி நின்று முழங்கும் என்பது தெரிந்துவிடும். பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ், பன்னிரண்டடிக்கு 48 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 114 ஹெர்ட்ஸும் இரண்டு திசைகளிலும் ஒரே நேரத்தில் முழங்குகின்றன. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று, என் பழைய மிக்ஸின் ஈக்யூவை (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி) திறந்து பார்த்தேன். தவில் தடத்தில் 113 ஹெர்ட்ஸில் நான்கு டெசிபல் ஆழத்துக்கு ஒரு வெட்டு. தொப்பியின் முழக்கம் அதிகமாக இருக்கிறது என்று நினைத்து நானே என் கையால் வெட்டியது. அதிகமாக முழங்கியது தவில் அன்று, என் அறை.

இதனால்தான் ஸ்பீக்கர் வாங்கப்போகும் எவரிடமும் முதலில் அறையின் நீள அகல உயரத்தைக் கேட்கிறேன். மூலைகளை ஒட்டி நின்ற பெரிய ஸ்பீக்கர்கள் அந்த முழக்கத்துக்கு வேண்டிய ஆற்றலைத் தாராளமாக ஊட்டின. சிறிய ஸ்பீக்கர் அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாகவே வெளியிடும். ஆகவே அறை கிளர்ந்தெழுவதும் குறையும். காதுக்கு மூன்றடிக்குள் வைத்துக் கேட்பதால், சுவரில் மோதித் திரும்பும் ஒலியைவிட ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலி மேலோங்கி நிற்கும். சிறிய மானிட்டரைத் தேர்ந்தெடுப்பது பணத்துக்காகச் செய்துகொள்ளும் சமரசம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அறையைப் போன்ற இடத்தில் அதுதான் சரியான முதல் முடிவு.

புதுச்சேரிக்குப் பேருந்தில் போய் ஒரு கடையில் மூன்று ஜோடிகளைக் கேட்டுப் பார்த்தேன். அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து தயாரிப்பாளர்களின் அளவுக் குறிப்புகளைப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஜேபிஎல் 305பி மார்க் 2 ஸ்பீக்கருக்கு ஒரு வரியில் 49 ஹெர்ட்ஸ் என்றும் அடுத்த வரியில் 43 ஹெர்ட்ஸ் என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் பொய்யல்ல. ஒலி மூன்று டெசிபலுக்குள் ஏற்ற இறக்கத்தோடு நிற்கும் எல்லை 49. பத்து டெசிபல் சரிந்துவிட்ட எல்லை 43. யமஹா எச்எஸ்5 ஸ்பீக்கருக்குச் சொல்லப்படும் 54 ஹெர்ட்ஸ் பத்து டெசிபல் சரிவில் அளந்தது. மூன்றங்குல வூஃபர் மட்டுமே கொண்ட ஜெனலெக் 8010 ஸ்பீக்கருக்குச் சொல்லப்படும் 67 ஹெர்ட்ஸ் ஆறு டெசிபல் சரிவில் அளந்தது. எத்தனை டெசிபல் சரிவில் அளந்தார்கள் என்று பார்க்காமல், இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்குத்தான் வருவோம். வாட் எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதே இல்லை. மூன்றடி தூரத்தில் கேட்பதற்கு இந்த ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் வேண்டிய அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. இன்னொன்று, சில மாடல்கள் ஒற்றையாக விற்கப்படுகின்றன, சில ஜோடியாக. விலையைப் பார்க்கும்போது அது எத்தனை பெட்டிக்கான விலை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் ஸ்பீக்கர்கள் கண்ணாடி அலமாரியில் சுவரோடு சுவராக அடுக்கப்பட்டிருந்தன. அப்படியே கேட்டால் மூன்று ஜோடியும் அலமாரியின் ஒலியைத்தான் தரும். கடைக்கார அண்ணனிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு உயரமான ஸ்டூல்களை நடுவில் போட்டு, ஒவ்வொரு ஜோடியையும் அதே இடத்தில் ஏற்றி இறக்கிக் கேட்டேன். பொறுமையான மனிதர், தாமே தூக்கி வைத்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் முதலில் பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான சோதனை இரைச்சலை ஓட்டி, கைப்பேசியில் இருந்த அளவுமானியால் ஒலி அளவைச் சமப்படுத்தினேன். இந்த ஒரு வேலையைச் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண். ஒன்று மற்றொன்றைவிட ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அதுதான் தெளிவாக இருக்கிறது, அதில்தான் உயிர் இருக்கிறது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

கேட்பதற்கு நான் கொண்டுபோனவை நான்கே பதிவுகள். ஓர் ஆண் குரல் பேச்சு, எந்த எதிரொலியும் சேர்க்காதது. திருவந்திபுரம் கல்யாணம் ஒன்றில் நான் பதிவு செய்த நாதஸ்வரமும் தவிலும், ஈக்யூ போடாதது. நூறு முறைக்கு மேல் கேட்டுப் பழகிய ஒரு திரைப்பாடல். நான்காவது, பெரியவர் குறை சொன்ன அதே அம்மன் பாடல். இந்த நான்காவதுதான் முக்கியம் என்று இப்போதும் சொல்வேன். பிழை எங்கே இருக்கிறது என்று நமக்கு முன்பே தெரிந்த ஒரு மிக்ஸைப் போட்டு, அந்தப் பிழையை எந்த ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் ஜோடியில் அந்தப் பாடல் நன்றாகவே இருந்தது. கடைப் பையன்கூட “சூப்பரா இருக்குண்ணே” என்றான். அதனால்தான் அதை வேண்டாம் என்றேன். மூன்றங்குல ஜோடி நாதஸ்வரத்தின் குத்தலைத் துல்லியமாகக் காட்டியது. ஆனால் தொப்பியின் அடிப்பகுதியே அதன் எல்லைக்கு அருகில் போய்விட்டதால், தவில் மெலிந்திருப்பது மிக்ஸின் குறையா ஸ்பீக்கரின் வரம்பா என்று பிரித்தறிய முடியவில்லை. வாத்தியம் இல்லாத பேச்சு, விளம்பரக் குரல், சொற்பொழிவு ஆகியவற்றை மட்டும் செம்மைப்படுத்துபவருக்கு நான் அந்த அளவையே பரிந்துரைப்பேன். மூன்றாவதாக ஏறியது யமஹா எச்எஸ்5. பாடல் தொடங்கிய பத்து நொடியில் எனக்கு வெட்கமாகிவிட்டது. கழியின் ஓசை ஓரிடத்தில் தனியாகவும், அதற்குக் கீழே இருக்க வேண்டிய உடம்பு பள்ளமாகவும் கேட்டது. நாதஸ்வரம் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் எழும்பி நின்று, பாடகியின் மெய்யெழுத்துகளை விழுங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் காரில் கேட்டது என்னவோ அதுவே எனக்கும் கேட்டது.

அந்த ஸ்பீக்கரின் வெள்ளை வூஃபரைப் பார்த்ததும் பலருக்கு நினைவுக்கு வருவது என்எஸ்-10. 1978இல் வீடுகளில் பாட்டுக் கேட்பதற்காக யமஹா வெளியிட்டு, பிறகு உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒலிக்கலவை மேசையான மிக்சர் மேல் ஏறி உட்கார்ந்து, 2001இல் உற்பத்தி நின்றுபோன ஸ்பீக்கர் அது. கேட்க இனிமையானது என்று யாரும் அதைப் புகழ்ந்ததில்லை. உயர்ந்த ஒலி கூர்மையாக இருக்கிறது என்று, அந்த ஒலியைத் தரும் ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள் உண்டு. அது நிலைத்ததற்குக் காரணம், குரலும் பெரும்பாலான வாத்தியங்களும் குடியிருக்கும் நடு அலைவரிசையை மறைக்காமல் முன்னால் தள்ளிக் காட்டியதும், துளையில்லாத மூடிய பெட்டி என்பதால் தாழ்ந்த ஒலி தொடங்கியபடியே சட்டென்று நின்றுபோனதும்தான். இன்று வரும் சிறிய மானிட்டர்கள் பெரும்பாலும் போர்ட் எனப்படும் துளை உள்ளவை. சிறிய பெட்டியிலிருந்து தாழ்ந்த ஒலியை வரவழைக்க அந்தத் துளை உதவுகிறது. ஆனால் அதன் எல்லைக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும், 24 டெசிபல் வேகத்தில் சரியும். மூடிய பெட்டியில் சரிவு 12 டெசிபல்தான். துளையுள்ள சிறிய ஸ்பீக்கரில் 40 ஹெர்ட்ஸைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்பதே இதன் பொருள். அங்கே என்ன நடக்கிறது என்பதை நான் ஹெட்போனில் மட்டுமே பார்க்கிறேன். மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஒன்றைச் சேர்க்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 48லும் 57லும் முழங்கும் அறைக்குள் அதைக் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் வாங்கிய எச்எஸ்5 ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்த பிறகுதான் பாதி வேலை தொடங்கியது. சுவரிலிருந்து தள்ளி வையுங்கள் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு, வூஃபருக்கும் பின்சுவருக்கும் இடையே 70 சென்டிமீட்டர் இருக்கும்படி இழுத்து வைத்தேன். தவிலும் ஆண் குரலின் அடியும் மறுபடி மெலிந்தன. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்து பார்த்தபோது 125 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பெரிய குழி. பின்சுவரில் மோதித் திரும்பும் அலை, நேரே வரும் அலைக்கு எதிர்க்கட்டத்தில் வந்து அதை அழித்துவிடுகிறது. சுவருக்கு உள்ள தூரத்தை நான்கால் பெருக்கி, ஒலியின் வேகத்தை அதனால் வகுத்தால் குழி விழும் இடம் கிடைக்கும்: 348ஐ 2.8 மீட்டரால் வகுத்தால் 124. பெரிய கூடத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் இழுக்க முடிந்தால் குழி 40 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். பன்னிரண்டடி அறையில் அதற்கு வழியில்லை. ஆகவே நேரெதிராகச் செய்தேன். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் அளவுக்கும் குறைவாக, சுமார் 10 சென்டிமீட்டர் விட்டு நெருக்கி வைத்தேன். துளை பின்பக்கம் இருப்பதால் அதைவிட நெருக்கவில்லை. வூஃபர் இப்போது சுவரிலிருந்து 32 சென்டிமீட்டரில் இருக்க, குழி 270 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறியது. அந்த உயரத்தில் ஒலியை உறிஞ்சும் நான்கங்குல ராக்வூல் பலகை ஓரளவு பயன் தரும். துணி சுற்றிய பலகைகளைத் துளைக்கு நேரே அடைக்காமல் இரு பக்கமும் சாய்த்து வைத்ததும் குழி ஆழம் குறைந்தது. சுவரை நெருங்கியதால் கூடிய தாழ்ந்த ஒலியை, ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் ரூம் கன்ட்ரோல் விசையை மைனஸ் இரண்டில் வைத்துச் சரிசெய்தேன். அந்த விசை 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைப்பது. அதைப் பூஜ்யத்திலேயே விட்டுவிட்டு ஸ்பீக்கரைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேசையும் ஒரு சுவர்தான். மேசைப் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலி 200 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு வீக்கத்தை உண்டாக்கும். ஜெனலெக் 8010 போன்ற சில ஸ்பீக்கர்களில் மேசைக்கென்றே 200 ஹெர்ட்ஸில் நான்கு டெசிபல் குறைக்கும் விசை வைத்திருப்பது இதற்காகத்தான். நான் மேசையிலிருந்து இறக்கி, காது உயரத்துக்கு ட்வீட்டர் வரும்படி தனி ஸ்டாண்டில் வைத்தேன். பன்னிரண்டடி நீளத்தில் முன்சுவரிலிருந்து ஏறத்தாழ நாலரை அடியில் என் தலை இருக்கும்படி நாற்காலியை மாற்றினேன். அறையின் சரிநடுவில் உட்கார்ந்தால் 48 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. மூலைகளில் மட்டும் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டித் தரையிலிருந்து தளம் வரை நிறுத்தியிருக்கிறேன். அழகாக இல்லை, ஆனால் கைதட்டினால் முன்பு வந்த “ணங்” என்ற எதிரொலி போய்விட்டது.

மின்சார விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரில் “ம்ம்ம்” என்று இரைச்சல் வந்தால், பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தான யோசனை அது, ஒருபோதும் செய்யாதீர்கள். இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி), கணினி, ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிளைப் பயன்படுத்தியதும் எனக்கு அது நின்றது. கரண்ட் போய் வரும் ஊரில், வேலை தொடங்கும்போது ஸ்பீக்கரைக் கடைசியாகப் போட்டு, முடிக்கும்போது முதலில் அணைக்க வேண்டும். கரண்ட் போனவுடன் ஸ்பீக்கரின் சுவிட்சை அணைத்துவிட்டால், திரும்ப வரும்போது எழும் இடி வூஃபரைத் தாக்காது. கடற்காற்றின் உப்பு கேபிள் முனைகளைப் பச்சை பிடிக்கச் செய்யும் என்பதால் மாதம் ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால், பாட்டில் சேர்க்கும் ரிவெர்ப் என்ற எதிரொலியின் வால் எங்கே முடிகிறது என்பது தெரியாது. வியர்த்தாலும் அந்த முடிவுகளை விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன்.

எவ்வளவு சத்தத்தில் கேட்பது என்பது நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலியைக் காது குறைவாக உணரும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் வேலை செய்தால் ஒவ்வொரு நாளும் ஒரு புது ஸ்பீக்கர் வாங்கியதற்குச் சமம். பிங்க் நாய்ஸ் ஓட்டி, என் நாற்காலியில் 75 டெசிபல் வரும் இடத்தில் இன்டர்ஃபேஸின் திருகில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். வேலை அந்தப் புள்ளியில். குரலின் அளவைத் தீர்மானிப்பது மட்டும் அதற்கு மிகக் கீழே, பக்கத்து அறையில் பேசுவது போன்ற சத்தத்தில். ஐந்தங்குல ஸ்பீக்கரை அலறவிட்டுத் தாழ்ந்த ஒலியைத் தேடினால் சிதைவுதான் கிடைக்கும்.

இரண்டாவதாக ஒரு கேட்புக் கருவியும் வைத்திருக்கிறேன். ஆரடோன் என்ற சிறு சதுரப் பெட்டி ஒரே ஒரு கூம்பும் மூடிய உடலுமாக, எளிய ரேடியோவில் பாட்டு எப்படிக் கேட்கும் என்று காட்டுவதற்காக 1970களில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவியது. அந்த முறையில், நான்கங்குல ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆசாரியிடம் எம்டிஎஃப் பலகையில் பெட்டி செய்யச் சொன்னேன். “எல்லாப் பக்கமும் அடைச்சுட்டா சத்தம் எப்படித் தம்பி வெளிய வரும்?” என்று அவர் கேட்டார். மூட்டுகளில் பசை ஒழுக ஒழுக அழுத்தி, காற்று புகாமல் செய்து கொடுத்துவிட்டு, முதல் பாட்டைக் கேட்டபின் “ரேடியோப் பெட்டி மாதிரி இருக்கு” என்றார். எனக்கு வேண்டியது அதுதான். ஒற்றை ஸ்பீக்கர், மோனோ. இதில் குரல் அரை டெசிபல் கூடினாலும் குறைந்தாலும் தெரிகிறது. கோயில் கோபுரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த ஒலியும் கிடையாது, மிக உயர்ந்த ஒலியும் கிடையாது; அங்கே பாட்டின் சொல் புரியுமா என்ற கேள்விக்கு இந்தப் பெட்டி தரும் பதில் இதுவரை பிசகியதில்லை.

புது ஸ்பீக்கரில் முதல் இரண்டு வாரம் எதையும் மிக்ஸ் செய்யாமல், தெரிந்த பாடல்களை மட்டும் கேட்டேன். மிருதங்கத்தின் தொப்பி இதில் எந்த அளவுக்குக் கேட்டால் வெளியே சரியாக இருக்கும், தம்புரா எவ்வளவு பின்னால் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நாட்களில்தான் காதில் பதிந்தன. அதன்பிறகே அம்மன் பாடலின் பழைய கோப்பைத் திறந்தேன். 113 ஹெர்ட்ஸ் வெட்டை முழுவதுமாக நீக்கிவிடலாம் என்று நினைத்து நீக்கிக் கேட்டால், தொப்பி பம்பையின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு டெசிபல் வெட்டினேன், போதவில்லை. ஒன்றரையில் பம்பை வெளியே வந்தது, தவிலின் உடம்பும் நின்றது. நாதஸ்வரத்தை 3000 ஹெர்ட்ஸில் இரண்டு டெசிபல் இறக்கியதும் பாடகியின் “மாரி” என்ற சொல்லில் முதலெழுத்து கேட்டது. விசிறியை நிறுத்தி ஒருமுறை, ஆசாரி செய்த பெட்டியில் ஒருமுறை கேட்டுவிட்டு, இரவு பதினொரு மணிக்குப் பெரியவருக்கு அனுப்பினேன். காலையில் அவர் காரில் போட்டுக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். மீதி ஏழு பாட்டையும் இதே மாதிரி திருத்திக் கொடுக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்.